விபத்து சொல்லிக்கொண்டுதான் வருகிறது
(கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கமிட்டியின் சார்பில் ஆற்றிய உரை)

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு அதைப் பேச நாங்கள் வரவில்லை. சம்பளம் வாங்குவதற்குக் கையும் காலும் உயிரும் வேண்டுமல்லவா? அவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

போன மாதம் நம் தோட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பிரட்டு முடிந்து ஆட்களை ஏற்றிச் சென்ற லாரியின் பின்பலகை, மேட்டில் ஏறும்போது திறந்துகொண்டது. ஒரு சகோதரி மண் சாலையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இனி அவர் நிரை பிடித்து மரம் வெட்ட முடியுமா என்பது ஐயமே. அன்று மாலை லயத்து வாசலில் கூடிய பலர் என்ன சொன்னார்கள்? "அவளுக்கு நேரம் சரியில்லை" என்றார்கள். "தலைவிதி" என்றார்கள்.

நாங்கள் அதை ஒப்பவில்லை. அந்தப் பின்பலகையின் கொக்கி மூன்று வாரமாகத் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு அது தெரியும். கம்பியால் கட்டி வைத்திருந்தார். மண்டோருக்குத் தெரியும். அதில் அன்றாடம் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். கிளைக் கமிட்டியைச் சேர்ந்த எங்களில் இருவர் அதே லாரியில்தான் வேலைக்குப் போனார்கள். ஆகவே எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட எழுதிக் கொடுக்கவில்லை. இதை வெட்கத்தோடு உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம். தெரிந்த அபாயத்தை விதியின் தலையில் கட்டுவது நியாயமா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டதால்தான் இந்தப் பேச்சு.

இதை விளக்குவதற்குச் சுரங்கத் தொழிலின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். "பால்மரம் வெட்டுகிறவனுக்கும் பூமிக்கடியில் கரி வெட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. இந்நாட்டிலேயே சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். சீனரோடு இந்தியரும் அங்கே உழைத்தார்கள். அது மட்டுமன்று. பாதுகாப்பு என்னும் பாடத்தைச் சுரங்கத் தொழிலாளிகளைப் போல உயிரை விலையாகக் கொடுத்துப் படித்தவர்கள் குறைவு. அவர்கள் விலை கொடுத்துப் படித்ததை நாம் விலை கொடுக்காமல் படித்துக்கொள்ளலாமே!

முதலில், சுரங்கம் எப்படி ஆளைக் கொல்கிறது என்று பார்ப்போம். நிலக்கரிப் பாறைக்குள் மீத்தேன் என்னும் வாயு அடைபட்டிருக்கிறது. கரியை வெட்டும்போது அது கசிந்து வெளியே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால்தான் பெரிய விசிறிகளை வைத்து நல்ல காற்றை உள்ளே செலுத்தி, கெட்ட காற்றை வெளியே இழுக்கிறார்கள். இந்த வாயுவைவிடக் கொடிய எதிரி ஒன்று உண்டு. அது தரையிலும் சுவரிலும் படிந்து கிடக்கும் கரித்தூசி. ஒரு மூலையில் சிறு வெடிப்பு உண்டானால், அதன் வேகம் தூசியைக் கிளப்பிவிடும். கிளம்பிய தூசி தீப்பற்றி, மேலும் தூசியைக் கிளப்பும். இப்படியே நெருப்பு மைல் கணக்கில் ஓடும். நெருப்பு எட்டாத இடத்தில் இருப்பவனை, அதன் பின்னால் வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கொன்றுவிடும்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. தூசியைக் கூட்டி அள்ளி வெளியேற்ற வேண்டும். மிச்சம் இருப்பதன்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவ வேண்டும். கற்பொடி தீப்பற்றாது, கரித்தூசியோடு சேர்ந்து கிளம்பி நெருப்பின் சூட்டை உறிஞ்சி அடக்கிவிடும். எவ்வளவு எளிய காரியம் பாருங்கள்! துடைப்பமும் கற்பொடியும் அவற்றுக்காக ஒதுக்கும் ஆட்கூலியும் போதும். ஆனால் கூட்டுகிறவன் அந்த நேரத்தில் கரி வெட்டமாட்டான். உற்பத்தி குறையும். அங்கேதான் முதலாளியின் கணக்கும் தொழிலாளியின் உயிரும் மோதிக்கொள்கின்றன.

இனி நடந்த கதைகளுக்கு வருவோம்.

பிரான்ஸ் நாட்டின் வடக்கே கூரியேர் என்னும் ஊரின் பெயரால் ஒரு நிலக்கரிக் கம்பெனி இருந்தது. 1906-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் தேதி அதன் சுரங்கம் ஒன்றில், பூமிக்கடியில் தீப்பற்றியிருப்பது தெரிந்தது. தீயை மூச்சடைக்கச் செய்வதற்காகச் சுவர் எழுப்பி அடைக்கத் தொடங்கினார்கள். அந்நாட்டில் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுரங்கத் தொழிலாளிகள் தங்களுக்குள் ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே அப்படி இருந்தவர் பியேர் சிமோன். ரிக் என்று அவரை அழைப்பார்கள். "தீ அணையும் வரையில் ஆட்களை உள்ளே இறக்காதீர்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் சொல் எடுபடவில்லை. மார்ச் 10-ஆம் தேதி காலை வழக்கம்போல் ஆட்கள் இறங்கினார்கள். ஆறரை மணி அளவில் வெடித்தது. சுரங்கங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்ததால் நெருப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்தது. செத்தவர்கள் 1,099 பேர். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. சில நாட்களிலேயே, உள்ளே எவரும் உயிரோடு இல்லை என்று தீர்மானித்துத் தேடுவதை நிறுத்தினார்கள். ஆனால் இருபது நாள் கழித்து, மார்ச் 30-ஆம் தேதி, 13 பேர் இருட்டில் தடவித் தடவித் தாங்களாகவே வழி கண்டு வெளியே வந்தார்கள்! குதிரைகளுக்கு வைத்திருந்த தீனியையும், செத்த குதிரையின் இறைச்சியையும் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி இன்னும் ஒருவர் கிடைத்தார். தேடுவதை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ என்று அந்த விதவைகள் கேட்ட கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை. தொழிலாளிகள் கொதித்தெழுந்து பல்லாயிரக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சகோதரர்களே, இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தொழிலாளிகளின் பிரதிநிதி அங்கே இருந்தார். அபாயத்தைக் கண்டார். வாய் திறந்தும் சொன்னார். ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. கண் இருந்தது, கை இல்லை.

இரண்டாவது கதை பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டுக் கதை. செங்கனித் என்னும் ஊரிலிருந்த சுரங்கத்தில் 1901-ஆம் ஆண்டு வெடித்து 81 பேர் இறந்தார்கள். அந்த அனுபவம் ஒன்றே போதாதா? பிறகு 1911-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சுரங்கச் சட்டம் செய்தார்கள். தீப்பிடித்தால் விசிறியின் காற்றைத் திசை திருப்பிவிடும் வசதி எல்லாச் சுரங்கத்திலும் இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அப்படித் திருப்பினால் புகை ஆட்கள் இருக்கும் பக்கம் போகாமல் தடுக்கலாம். 1913 ஜனவரியில் முடிய வேண்டிய கெடுவைச் செப்டம்பர் வரை நீட்டிக் கொடுத்தார்கள். செப்டம்பரும் போயிற்று, செங்கனித்தில் அந்த வேலை முடியவில்லை. அக்டோபர் 14-ஆம் தேதி காலை மறுபடியும் வெடித்தது. சுரங்கத் தொழிலாளிகள் 439 பேரும், காப்பாற்றப் போனவர் ஒருவரும் மாண்டார்கள்.

வழக்கு நடந்தது. மேனேஜருக்கு 24 பவுன் அபராதம். கம்பெனிக்கு, மேல்முறையீட்டுக்குப் பிறகு, 10 பவுன் அபராதமும் செலவுத் தொகையும். மேனேஜரின் அபராதத்தை இறந்தவர் கணக்கில் வகுத்துப் பார்த்தால், ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சில்லறையும் வருகிறது. கிராணிமார்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"இவை எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய கதைகள். இப்போது காலம் மாறிவிட்டது" என்று சிலர் சொல்லலாம். மூன்றாவது கதையைக் கேளுங்கள். கனடா நாட்டில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் வெஸ்ட்ரே என்னும் சுரங்கம் 1991 செப்டம்பரில் திறக்கப்பட்டது. புது எந்திரங்கள், அரசாங்கத்தின் ஆதரவு, வேலையில்லாத ஊருக்கு வேலை! எல்லாரும் மகிழ்ந்தார்கள். உள்ளே கரித்தூசி கணுக்கால் மூழ்கப் படிந்தது. கற்பொடி தூவப்படவில்லை. பேசினால் வேலை போய்விடும் என்று தொழிலாளிகள் அஞ்சினார்கள். சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது நிலைபெறவில்லை. 1992 ஏப்ரல் 29-ஆம் தேதி அரசாங்க ஆய்வாளர் வந்து, தூசியை உடனே ஒழுங்கு செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார். உத்தரவு காகிதத்தில் தூங்கியது. மே 9-ஆம் தேதி விடியற்காலையில் வெடித்தது. உள்ளே இருந்த 26 பேரும் மாண்டார்கள். 11 பேருடைய உடலைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. பத்தே பத்து நாள்! உத்தரவுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

ஐந்து வருஷம் கழித்து வெளிவந்த விசாரணை அறிக்கை, முன்கூட்டியே கண்டுகொள்ளக்கூடிய வழியில் நடந்துபோய் விழுந்த பேரழிவு என்னும் கருத்தைத் தன் தலைப்பிலேயே வைத்தது. மேனேஜர்கள்மீது போட்ட குற்ற வழக்கு தண்டனை இல்லாமலே முடிந்தது. ஆனால் இறந்தவர்களின் குடும்பங்களும் உருக்குத் தொழிலாளர் சங்கமும் விடவில்லை. பல வருஷம் போராடி, தொழிலாளியின் பாதுகாப்பை வேண்டுமென்றே புறக்கணிக்கும் கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சட்டத்தை 2004-ஆம் ஆண்டில் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

துக்கக் கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்ல கதை ஒன்றும் இருக்கிறது. இதைக் கிராணிமார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் குவீக்ரீக் என்னும் சுரங்கம். அதன் பக்கத்தில், கைவிடப்பட்டு நீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கம் ஒன்று. அந்தப் பழைய சுரங்கத்தின் சுவர் வெகு தூரத்தில் இருப்பதாக இவர்கள் கையிலிருந்த வரைபடம் காட்டியது. அது பழைய வரைபடம். கடைசியாக வெட்டிய பகுதி அதில் ஏறவில்லை. 2002 ஜூலை 24-ஆம் தேதி இரவு இவர்களின் எந்திரம் அந்தச் சுவரை உடைத்தது. தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்தது. ஒரு காகிதத்தைச் சரியாக எழுதி வைக்காத குற்றம்!

அந்த நேரத்தில் அங்கிருந்த தொழிலாளி ஒருவர் செய்த காரியம் என்ன தெரியுமா? ஓடுவதற்கு முன்னால் தொலைபேசியை எடுத்து, வேறு பகுதியில் வேலை செய்த குழுவுக்கு "தண்ணீர் வருகிறது, வெளியே போங்கள்" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் அங்கிருந்த ஒன்பது பேர் வெளியேறித் தப்பினார்கள். சொன்னவரோடு சேர்ந்து ஒன்பது பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். மேலிருந்து துளையிட்டு அவர்களுக்குக் காற்றைச் செலுத்தினார்கள். பிறகு ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய துளை போட்டு, 77 மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஒன்பது பேரும் உயிரோடு வந்தார்கள்.

தோழர்களே, இந்த நான்கு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரியேரில் சொன்னார்கள், கேட்கவில்லை. செங்கனித்தில் சட்டம் சொன்னது, செய்யவில்லை. வெஸ்ட்ரேயில் சொல்லவே பயந்தார்கள். குவீக்ரீக்கில் காகிதம் தவறியது. ஆனால் மனிதன் உரிய நேரத்தில் சொன்னான், சொன்னதை உடனே கேட்டார்கள், பதினெட்டு உயிரும் பிழைத்தன. ஒரு விபத்துகூடத் திருடனைப் போல் வரவில்லை. எல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தன. நம் லாரிக் கொக்கியும் மூன்று வாரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது!

விபத்துக்குப் பிறகு சட்டம் செய்வது உலக வழக்கமாகிவிட்டது. 1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் ஒடிந்து குழிவாயில் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஒரே ஒரு குழிவாய்தான். அது அடைபட்டதும் 204 பேர் உள்ளேயே மூச்சடைத்து மாண்டார்கள். அதன் பிறகுதான், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டு வழி வேண்டும் என்பது எலிக்குக்கூடத் தெரியுமே! மனிதனுக்குத் தெரிவதற்கு 204 பிணங்கள் தேவைப்பட்டன. 1995-ஆம் ஆண்டில் உலகத் தொழில் நிறுவனம் சுரங்கப் பாதுகாப்புக்கென்று 176-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. அபாயத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடும் அபாயம் உள்ள இடத்தை விட்டு விலகும் உரிமை ஆகியவற்றை அது தொழிலாளிக்கு வகுத்துச் சொன்னது. கூரியேரில் ரிக்கிடம் இல்லாத கை, தொண்ணூறு வருஷம் கழித்துக் காகிதத்திலாவது முளைத்தது.

நம் நாட்டில் நமக்கு என்ன இருக்கிறது? 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும் என்கிறது அது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூன் 1-ஆம் தேதி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடனடி அபாயம் இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகிக்கொள்ளலாம். இது நமக்குக் கிடைத்த கை. ஆனால் பயன்படுத்தாத கை சூம்பிப்போகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே, கிளைக் கமிட்டி நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறது.

முதலாவது: ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாக நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். மருந்து அடிப்பதிலும் உரம் போடுவதிலும் பெண்கள் படும் துன்பத்தைப் பெண்களே அறிவார்கள். தோட்டத்துப் பாதுகாப்புக் கமிட்டியில் இவர்களுக்கு இடம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுவோம்.

இரண்டாவது: பிரட்டுக்களத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். அடிபட்ட பிறகு எழுதும் புத்தகம் வேறு. இது அடிபடுவதற்கு முன்னால் எழுதும் புத்தகம். லாரிக் கொக்கி ஆடுகிறதா? எழுதுங்கள். ஸ்டோரில் அமிலம் ஊற்றும் இடத்தில் கையுறை கிழிந்திருக்கிறதா? எழுதுங்கள். ஓடைப் பாலத்தில் பலகை உளுத்திருக்கிறதா? எழுதுங்கள். வழுக்கி விழப்போய்த் தப்பித்தீர்களா? "நல்லவேளை" என்று சொல்லிவிட்டுப் போகாமல் அதையும் எழுதுங்கள். இன்றைக்கு நல்லவேளையாகத் தப்பியது நாளைக்கு இன்னொருவருக்குக் கெட்டவேளையாகும். எழுதத் தெரியாதவருக்குப் பிரதிநிதி எழுதிக் கொடுப்பார். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசச் சகோதரர்கள் சொல்வதையும் கேட்டு எழுத வேண்டும். விழும் கிளை எவன் எந்த நாட்டான் என்று பார்த்து விழுவதில்லை.

மூன்றாவது, கிராணிமார்களுக்கு: எழுதிய புகாருக்குத் தேதி போடுங்கள். என்ன செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது என்று எதிரில் எழுதுங்கள். ஆள் காயப்படாவிட்டாலும் சில வகை அபாய நிகழ்ச்சிகளை அரசாங்க இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. துரையின் முகத்தைப் பார்த்து எழுதாமல் விட்டால், குவீக்ரீக் வரைபடத்தில் விடுபட்ட கோடு உங்கள் பேனாவிலிருந்து விடுபட்டதாகும். உங்கள் பேனாவும் ஓர் உயிர்காக்கும் கருவி. இதை நாங்கள் பழியாகச் சொல்லவில்லை, மரியாதையோடு சொல்கிறோம்.

நான்காவது: ஆபத்து கண்ணெதிரே இருக்கும்போது ஒருவர் "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொன்னால், அவரைத் தனியாக விட்டுவிடக்கூடாது. "இவனுக்கு வேலை செய்யச் சோம்பல்" என்று கேலி பேசுகிறவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். ஒருநாள் கூலி குறையுமே என்று தயங்குகிறவரும் இருக்கிறார். அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. கிலோக் கணக்கில் பால் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் என்பது காசு. ஆனால் இடுப்பு முறிந்து கிடக்கும் அந்தச் சகோதரியிடம் போய், ஒருமுறை நடக்க என்ன விலை கொடுப்பாய் என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். "அண்ணே, அந்தக் கொக்கியைப் பற்றி நான்தான் சொல்லணும்னு நெனச்சேன். எல்லாரும் பேசாம இருக்காங்களேன்னு இருந்துட்டேன்" என்றார். எங்களால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாங்களும் அப்படித்தானே இருந்தோம்!

அன்பர்களே, நிர்வாகத்தின் பொறுப்பை நாம் நம் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. லாரியைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அதிலிருந்து அவர்கள் நழுவ விடமாட்டோம். அந்தச் சகோதரிக்குப் பெர்கேசோ மூலம் சேர வேண்டியது கடைசிக் காசு வரை சேரும் வரையில் சங்கம் ஓயாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லும் கடமை நம்முடையது. நாம் சொல்லாமல் இருந்தால், எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால், தெரியாது என்ற சொல் அவர்கள் வாயில் வராது.

நாளைக் காலை பிரட்டுக்களத்தில் அந்த நோட்டுப் புத்தகம் இருக்கும். முதல் பக்கத்தில் லாரிக் கொக்கியின் கதையைக் கமிட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நாங்கள் பேசாமல் இருந்த மூன்று வாரத்தையும் சேர்த்து. இரண்டாவது பக்கம் காலியாக இருக்கிறது. அதை உங்களிடம் விடுகிறோம்.